இடப்பக்கம் ஏழு சென்டிமீட்டர்

ஸ்டாவங்கர்,
4 மார்ச் 1996

கர்த்தருக்குள் பிரியமான தங்கை சோல்வெய்க்குக்கு,

உன் கடிதம் பழுதின்றி வந்து சேர்ந்தது. வழக்கம்போல நீ தேதியிட மறந்திருக்கிறாய். தபால் முத்திரையைக் கொண்டு ஜனவரி இருபத்திரண்டு என்று குறித்துக் கோப்பில் வைத்தேன். இங்கே நாங்கள் நலம். உன் அண்ணி குன்வோருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ மடகாஸ்கரில் வெயிலைக் குறை சொல்லும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே மழையைக் காட்டி, "இதைக் கொஞ்சம் பார்சல் பண்ணி அனுப்புங்க" என்கிறாள்.

சென்ற ஆண்டின் மிஷன் ஞாயிறு உறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானூற்றுப் பன்னிரண்டு சபைகளுக்கு அனுப்பினோம். பிரசங்கக் குறிப்பு, ஜெப அட்டைகள், சுவரொட்டி, சிறுவர் பாடம், வழிகாட்டிக் கையேடு என்று எதுவும் விடுபடவில்லை. அவர்கள் அதைக் கையாண்ட விதத்தை ஒரு சபையில் நேரில் கண்டேன். சிறுவர் பாடத்தில், தண்ணீர்க்குடம் சுமந்து கூடத்தைச் சுற்றி நடக்கும்படி ஒரு பயிற்சி வைத்திருந்தேன். அவர்கள் பிள்ளைகளை ஆப்பிரிக்கர்போல் காட்டவென்று கோகோவையும் மார்ஜரினையும் குழைத்து முகத்தில் பூசியிருந்தார்கள். வியர்வையில் அது வழிந்து கழுத்துப்பட்டைகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையேட்டின் நான்காம் பக்கத்தில் "முகப்பூச்சு கூடாது" என்று அடிக்கோடிட்டு அச்சிட்டிருக்கிறோம். அதைச் சுட்டிக்காட்டினேன். ஒரு தாய் சிரித்துக்கொண்டே, "கழுவினா போயிடும், தோர்மோட். நீங்க ஒரு வாஃபிள் சாப்பிடுங்க" என்றாள். அதே பிசுபிசுத்த கையால் எடுத்தும் கொடுத்தாள். அருவருப்பில் காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் ரெய்டாரிடம் முறையிட்டேன். "ஜனங்க வந்தாங்கல்ல? அது போதும்யா. நீ ஏன் எப்பவும் புளிச்ச முகமா இருக்கே?" என்றார்.

இவ்வாண்டு உறையின் பொருள் உன் ஊர் மருத்துவமனை. அதனால் ஒரு புகைப்படம் வேண்டும். நிழல் விழாத, தெளிவான படம். படத்திலிருப்பவரின் ஒப்புதல் படிவம் இரண்டு பிரதிகள் இணைத்துள்ளேன். ஒப்புதல் இல்லாமல் எவருடைய முகத்தையும் அச்சிடக் கூடாது என்ற விதியை நம் மிஷன் சங்கத்தில் கொண்டுவந்தவன் நான் என்பதை நீ அறிவாய். ஆகவே படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்க வேண்டாம். கடிதத்துக்குத் தேதியும் போடு.

உன் அண்ணன்,
தோர்மோட்


ஆன்ட்சிராபே,
9 ஏப்ரல் 1996 (பார்த்தாயா?)

அன்பு அண்ணா,

நீ குடிக்காமல் விட்ட காபிக்காக வருந்துகிறேன். நம் அப்பா மிஷன் கூட்டங்களில் எதைக் கொடுத்தாலும் குடித்துவிடுவார். அந்தக் குணம் எனக்கு வந்தது, உனக்கு அவருடைய கோப்புகள் வந்தன.

படம் அனுப்பியிருக்கிறேன். இடப்பக்கம் நிற்பவள் வுலுலுனா. பதினான்கு ஆண்டுகளாக என்னோடு பிரசவ அறையில் நிற்கிறவள். நான் வியர்த்துப் பதறிய இரவுகளில் என் கையைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தானே வாங்கியவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவள் மகள் ஃபான்ஜா, வயது ஏழு. அன்று காலைதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். பல் பிடுங்கிய வாயில் கரும்பு கடிக்க வேண்டும் என்று கேட்டாள், அம்மா மறுத்தாள். அதனால்தான் உலகமே தன்னைக் கைவிட்டதுபோல் முறைக்கிறாள். படம் எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் சிரித்தாள், ஆனால் அப்போது ஃபிலிம் தீர்ந்துவிட்டது.

உன் படிவத்தை வுலுலுனா நின்றபடியே முழுக்கப் படித்தாள். இங்கிருந்த தாதியரிடம் கற்ற நார்வேஜியன் அவளுக்கு நன்றாக வரும். ஆறாவது பத்தியில் விரலை வைத்தாள். 'ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் திரும்பப் பெறலாம்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி.

"இதை யாராவது எப்பவாவது கேட்டு வாங்கியிருக்காங்களா?" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

"அப்ப எதுக்கு எழுதி வச்சிருக்காரு?"

"என் அண்ணன் அப்படித்தான். தேவைப்படாததைக்கூட எழுதி வைப்பான்."

"நல்ல மனுஷன்தான் போல" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள். பிறகு, "என் மூஞ்சி அங்க போய் என்ன பண்ணப் போகுது?" என்று கேட்டாள். சபைகள் எங்களுக்காக ஜெபிக்கும் என்றேன். "நல்லா பண்ணட்டும். அவங்களுக்காக நாங்களும் பண்றோம்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

அண்ணியின் முழங்காலுக்கு என் முத்தம்.

சோல்வெய்க்


ஸ்டாவங்கர்,
20 ஆகஸ்ட் 1996

கர்த்தருக்குள் பிரியமான சோல்வெய்க்,

உறைகள் சென்ற வியாழன் அன்று எல்லாச் சபைகளுக்கும் புறப்பட்டன. கால அட்டவணைக்கு இரண்டு நாள் முன்னதாக. இருபத்திரண்டு ஆண்டுகளில் இதுவே முதல் முறை.

உன் புகைப்படம் குழுவை வெகுவாகத் தொட்டது. ரெய்டார் அதைக் கையில் எடுத்ததும், "இந்தப் பொண்ணோட கண்ணைப் பாருங்கய்யா" என்றார். நீயும் அறிவாய், நம் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் சுவரொட்டிக்கு ஒரே முகம் என்ற விதி இருக்கிறது. இரண்டு முகங்கள் பார்ப்பவரின் கவனத்தைச் சிதறடிக்கும். மேலும் ஜெபமனைகளில் மாட்டுவதற்காக நாம் எண்பத்தெட்டில் கொடுத்த மரச்சட்டங்கள் யாவும் நெட்டு வாக்கில் ஒரே அளவுடையவை. ஆகவே படத்தின் ஒரு பகுதி அச்சகத்தில் வெட்டப்பட்டது. வாசகத்தை ரெய்டார் எழுதினார். ஜெப அட்டை ஒன்று இணைத்துள்ளேன். வீடுகளில் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிக்கொள்ளும் அளவு.

இன்னொரு செய்தி. அக்டோபரில் நடக்கும் பத்துக் கூட்டங்களுக்கு விருந்தினராகத் திருமதி வுலுலுனாவை அழைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது, பயணச்சீட்டு சென்றுவிட்டது. அவர் நம் வீட்டிலேயே தங்குவார். குன்வோர் திரைச்சீலைகளைத் துவைத்துவிட்டாள்.

உன் அண்ணன்,
தோர்மோட்


ஆன்ட்சிராபே,
16 செப்டம்பர் 1996

தோர்மோட்,

உன் கடிதம் இன்று வந்தது. வுலுலுனா நேற்றே தலைநகருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். அக்காள் வீட்டில் தங்கி, அங்கிருந்து விமானம். அந்த வீட்டு முகவரி எனக்குத் தெரியாது, அவளை எட்ட வழியில்லை.

அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவினேன். உண்மையாகவே எழுந்து போய்க் கழுவினேன். நீ கோகோவுக்கும் மார்ஜரினுக்கும் முகம் சுளித்தவன். ஃபான்ஜா தனியாக நிற்கிறாள். அவள் கை பக்கவாட்டில் நீண்டு, படத்தின் ஓரத்தில் முடிகிறது. அதன் கீழே கொட்டை எழுத்தில், "இவள் கையை யார் பிடிப்பார்?"

பிடித்துக்கொண்டு நின்றவளை வெட்டிவிட்டுக் கேட்கிறீர்கள்.

அச்சகம் செய்தது என்கிறாய். இருக்கட்டும். உன் வழியாகப் போகாத ஒரு காகிதம் அந்த அலுவலகத்தில் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். சுவரில் அவள் பார்ப்பதற்கு முன், நீ உன் வாயால் சொல். விமான நிலையத்திலேயே சொல். என்னோடு பதினான்கு ஆண்டு உழைத்தவள். அவள் இங்கே திரும்பி வரும்போது அவள் முகத்தை நான் பார்க்க முடிய வேண்டும். எனக்கு அது மட்டும் போதும்.

சோல்வெய்க்


ஸ்டாவங்கர்,
14 அக்டோபர் 1996

அன்பான சோல்வெய்க்,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உன் கடிதம் இரண்டாம் தேதி புதன்கிழமை கிடைத்தது. திருமதி வுலுலுனா ஐந்தாம் தேதி சனிக்கிழமை வந்திறங்கினார். விமான நிலையத்தில் சொல்லவில்லை. பயணக் களைப்பு என்று எண்ணினேன். ஞாயிறன்று சொல்லவில்லை, ஆராதனை நாள். நம் முன்னறையில் மாட்டியிருந்த சுவரொட்டியை அவர் வருவதற்கு முன்பே கழற்றி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். திங்களும் செவ்வாயும் அவர் குன்வோரோடு ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சமைத்துக்கொண்டு, எங்கள் சமையலறையில் இதுவரை கேட்டிராத சத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். புதன் மாலை முதல் கூட்டத்துக்குக் காரில் போகும்போது சொல்வதாக முடிவு செய்தேன். நாற்பது நிமிடப் பயணம். சாலை விதிகளைப் பற்றி விளக்கிக்கொண்டு போனேன்.

கூட்டம் யேரன் கடற்கரையில் ஹோல்மே ஜெபமனையில். உள்ளே வாஃபிள் வெந்துகொண்டிருந்தது. மேல்கோட்டுகள் மாட்டும் சுவரில், நம் மரச்சட்டத்துக்குள் ஃபான்ஜா. அதன் நேர் கீழே ஒரு மேசை. புளித்த கிரீமும் பழப்பாகும் பெரிய கிண்ணங்களில். நின்றபடியே தின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர், கிரீம் அப்பிய கரண்டியால் படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சொட்டு தெறித்து வழிந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

திருமதி வுலுலுனா கோட்டைக் கழற்றியவர், கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். போர்கில்ட் என்னும் எண்பது வயது அம்மையார் அவருக்கு வாஃபிள் கொண்டுவந்தார்.

"இந்தப் பிள்ளைய உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"பாவம், யாருமே இல்லாத பிள்ளை. ஃப்ரிட்ஜைத் திறக்கிறப்பல்லாம் இதுக்காக ஒரு ஜெபம். பால் எடுத்தா ஒண்ணு, வெண்ணெய் எடுத்தா ஒண்ணு. சாப்பாடு கிடைக்குதா அதுக்கு?"

"மூணு வேளை. கேட்டா நாலு."

"யாரு குடுக்கிறாங்க?"

"அவ அம்மா."

போர்கில்ட் அம்மையார் என் பக்கம் திரும்பினார். "அம்மா இருக்காங்களா? அட்டையில போடலையே, தோர்மோட்?"

நான் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன்: "அம்மா இல்லைன்னும் போடலையே."

திருமதி வுலுலுனா சுவரருகே சென்றார். படத்தின் இடது ஓரத்தில், ஃபான்ஜாவின் மணிக்கட்டு முடியும் இடத்தில், விரலை வைத்தார். எத்தனையோ முறை மெய்ப்புப் பார்த்த எனக்கு அதுவரை தென்படவில்லை. அங்கே இரண்டு விரல்நுனிகள் வெட்டுப்படாமல் நின்றிருந்தன.

"இந்த ரெண்டு விரல் என்னோடது" என்றார்.

ஜெபமனைத் தலைவர் தொண்டையைச் செருமி, "சரி, பழக்கூடை குலுக்கலுக்கு வருவோமா?" என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. சீட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. கடைசியில் அந்தக் கூடையை வென்றவர், கைதட்டலுக்கிடையே, அதை விருந்தினருக்கே பரிசளித்தார். உச்சியில் ஒரு அன்னாசி. பிளாஸ்டிக் தாள் சுற்றி, நீல ரிப்பன் கட்டியிருந்தது.

திரும்பும் வழியில் அவர் கூடையை மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் பிளாஸ்டிக் நொறுநொறுத்தது. பாதி வழியில் கேட்டார்.

"அந்த ஆறாவது பத்திக்கு ஒரு படிவம் இருக்கணுமே. வண்டியில வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். எப்போதும் வைத்திருப்பேன். நம் சமையலறை மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிரப்பினார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை. காரணம் எழுதத் தேவையில்லாத இடத்தில் ஒரு வரி எழுதினார்: "இருவரும் இருக்கட்டும்; இல்லையென்றால் ஒருவரும் வேண்டாம்."

அடுத்த கூட்டங்களை ரத்து செய்யலாம் என்றேன். "ஏன்? என் மகளைப் பத்தி நானே சொல்றேன்" என்றார். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் பேச்சை இப்படித்தான் தொடங்கினார்: "அந்தச் சுவத்துல முறைக்கிறது என் பொண்ணு. பல்லு புடுங்கின வாயில கரும்பு கேட்டா, நான் குடுக்கலை. அந்தக் கோபம்." மக்கள் சிரிக்கிறார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சுவரொட்டி அங்கேயே இருக்கிறது.

ரெய்டார், "இந்த வருஷம் முடியட்டும், அடுத்த கையேட்டுல ஒரு திருத்தம் போட்டுடலாம். சின்ன எழுத்துல" என்கிறார். திருத்தங்கள் அடுத்த கையேட்டில் என்பதும் நான் எழுதிய விதிதான்.

தோர்மோட்


ஆன்ட்சிராபே,
11 நவம்பர் 1996

தோர்மோட்,

வுலுலுனா வந்துவிட்டாள். குன்வோர் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை ஃபான்ஜா இந்த வெயிலிலும் கழற்ற மாட்டேன் என்கிறாள். மறுநாளே வுலுலுனா பிரசவ அறைக்கு வந்தாள். உன்னைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்க வெட்டணும்னு படத்துல கோடு போட்டது யாரு?"

"அச்சகத்துல" என்றேன். நீ எழுதியதைச் சொன்னேன்.

"சரி" என்றாள். நம்பினாளா, தெரியாது. பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, நான் அவளிடம் சொன்ன ஒன்று உண்மைதானா என்று எனக்கே தெரியாமல் நின்றேன்.

அவள் எழுதிய அந்த ஒரு வரியை நிறைவேற்று. சின்ன எழுத்தில் அல்ல. அது முடியும்வரை எனக்கு எழுதாதே.

சோல்வெய்க்


ஸ்டாவங்கர்,
3 பிப்ரவரி 1997

சோல்வெய்க்,

எழுத வேண்டாம் என்றாய். மீறுகிறேன்.

ஆறாவது பத்தியைக் குழுவின் முன் வைத்து வாசித்தேன். நிறைவேற்றாவிட்டால் பதவியை விட்டு விலகுவதாக எழுத்தில் கொடுத்தேன். ஜனவரி ஆறாம் தேதி, நானூற்றுப் பன்னிரண்டு சபைகளுக்கும் முழுப் படம் போயிற்று. ஃபான்ஜாவின் உருவத்தைச் சிறிதாக்க நான் சம்மதிக்கவில்லை. தாய் வந்ததால் மகள் குறைந்தாள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. ஆகவே தாள் அகலமாயிற்று. வாசகம் இல்லை, இரண்டு பெயர்கள் மட்டும். கூடவே என் கையொப்பத்தோடு ஒரு கடிதம்: பழைய சுவரொட்டியையும் அட்டைகளையும் அகற்றுக, இந்தக் குழந்தைக்குத் தாய் இருக்கிறார்.

பதில்கள் வந்தன. ஒரு சபை, "பழைய படமே மனதைத் தொட்டது, மீதி இருந்தால் அனுப்பவும்" என்று கேட்டது. இன்னொரு சபையின் கேள்வி: "தாய் இருக்கிறார் என்றால், வேறு குழந்தை கிடைக்குமா?" இவற்றைக் கோப்பில் வைக்க என் கை கூசியது. வைத்தேன்.

ஜனவரி பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஹோல்மே ஜெபமனைக்குப் போனேன். அதே வாஃபிள் வாசனை, அதே சுவர், அதே மரச்சட்டம். உள்ளே புதிய சுவரொட்டி. ஆனால் ஃபான்ஜா தனியாக நின்றாள்.

சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். தாள் அகலம் என்பதால் மடித்திருக்கிறார்கள். வுலுலுனா பின்னால், மரப்பலகைக்கும் காகிதத்துக்கும் நடுவே, முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"சட்டத்துக்கு அடங்கலை, அதான் மடிச்சோம்" என்றார் தலைவர். அவர் குரலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. "அளவு நீங்க குடுத்ததுதானே?"

போர்கில்ட் அம்மையார் வந்து, மடிப்பைப் பிரித்த தாளைப் பார்த்தார். "இது யாரு?"

"இவங்கதான் அம்மா. அக்டோபர்ல இங்க வந்தாங்க. நீங்கதான் வாஃபிள் குடுத்தீங்க."

"அவளா? அந்தப் பழக்கூடைக்காரியா?" நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணியிருப்பேனே. ஃப்ரிட்ஜ் என்ன, எத்தனை தடவை திறக்கிறோம்" என்றார்.

நான் தாளைச் சட்டமின்றி நான்கு ஆணியில் அடித்துவிட்டு வந்தேன். அதன்பின் விடுப்பு எடுத்துக்கொண்டு, யேரனில் ஒவ்வொரு ஜெபமனையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பத்தொன்று. பத்தொன்பதில் மடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் மடிப்பு ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அருவருப்பு அவர்கள் மேல் அல்ல.

அச்சகத்தில் எவரும் தாமாக எதையும் வெட்டவில்லை, சோல்வெய்க். அவர்கள் கோட்டின்படி வெட்டினார்கள். மே மாதம் பதினேழாம் தேதி தேசிய நாள் விடுமுறைக்கு முந்தைய நாள், உன் படத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். பதினோராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன். கோட்டுக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பதை உன் கடிதத்தில் அதற்கு முன்பே படித்திருந்தேன்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். "இடப்பக்கம் ஏழு சென்டிமீட்டர் நீக்கவும்" என்று பென்சிலில் எழுதி, கீழே என் சுருக்கொப்பம் இருக்கிறது. தேதியும் இருக்கிறது.

வுலுலுனா கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில் என்னால் பொய்யாயிற்று. அவரிடம் சரியான பதிலைச் சொல். சொல்ல உனக்கு மனம் வராவிட்டால் தாளை மட்டும் கொடு. என் கையெழுத்தை அவர் அறிவார். எங்கள் சமையலறையில், தம் படிவத்துக்குக் கீழே சாட்சியாக நான் ஒப்பமிட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளை முப்பத்திரண்டாவது ஜெபமனை.

தோர்மோட்